சுர்ரென்று எரிந்த ஊசி

எங்கள் புற்றுநோய்ப் பிரிவின் ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு இளம் மருத்துவர்கள் வந்தார்கள். உடலின் எதிர்ப்பாற்றலைத் தட்டி எழுப்பும் புதிய மருந்துகள் வந்த பிறகு நம் தொழில் எப்படி மாறியது என்று எழுதுங்கள் சார் என்றார்கள். வெற்றிக் கதையை எதிர்பார்க்கிறார்கள் என்று புரிந்தது. வெற்றிக் கதைதான் எழுதப்போகிறேன். ஆனால் அந்த வெற்றியில் என் பங்கு, பிழைக்கவேண்டிய ஒருவரைச் சாவதற்காக வீட்டுக்கு அனுப்பி வைத்தது. அவரை எழுப்பி உட்காரவைத்தது, திருவொற்றியூரில் மருந்துக்கடையை ஒட்டிய ஒரு சின்ன கிளினிக்கிலிருந்து வந்த, யோசிக்காமல் போட்ட ஓர் ஊசி. அந்த மாதிரி ஊசிகளைக் கண்டித்து நான் மேடை மேடையாகப் பேசியிருக்கிறேன். இதை எழுதும்போது எனக்கு வெட்கமும் வருகிறது, சிரிப்பும் வருகிறது.

நான் பயிற்சி பெற்றதும் பிறகு ஓய்வு பெறும்வரை பணியாற்றியதும் ராயபுரத்தில். பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. கீமோதெரபி கற்றோம். வேகமாக வளர்வதையெல்லாம் கொல்லும் மருந்து அது. முடி எப்போது கொட்டும், வாய் எப்போது புண்ணாகும், வெள்ளை அணுக்கள் எப்போது குறையும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வோம். எங்களுக்குத் தெரியாமல் அந்த மருந்து எதையும் செய்யாது. அதை விட முக்கியமாக நான் கற்றது எங்கள் தலைமை மருத்துவரிடம். அவரை எல்லாரும் சீஃப் என்றுதான் அழைப்போம்.

ஒரு நோயாளிக்கு இனி செய்ய ஒன்றுமில்லை என்று முடிவானால், அந்த வேலையை சீஃப் வேறு யாரிடமும் விடமாட்டார். கையைக் கழுவிக்கொண்டு வந்து கட்டிலின் ஓரத்தில் உட்காருவார். சொட்டு மருந்தின் திருகை மூடுவார். கையில் ஒட்டியிருக்கும் பிளாஸ்திரியைப் பிய்க்காமல், ஸ்பிரிட்டால் நனைத்து ஓரம் ஓரமாக உரிப்பார். நரம்பில் கிடக்கும் வென்ஃப்ளான் ஊசிக்குழாயை உருவிவிட்டுப் பஞ்சை வைத்து, ரத்தம் நிற்கும்வரை தன் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே இருப்பார். அப்போதுதான் பேசுவார். "வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்கம்மா. இனிமே குத்த வேணாம். பிடிச்சதைக் கொடுங்க. பக்கத்துல இருங்க." அழுதுகொண்டிருக்கும் குடும்பம் அவரைக் கும்பிட்டுவிட்டுப் போகும்.

சாகப்போகிறவரை ஸ்கேனுக்கும் ரத்தப் பரிசோதனைக்கும் இழுத்தடிப்பது அவருக்குப் பிடிக்காது. நாங்கள் ஏதாவது எழுதப் போனால், "பதில் தெரிஞ்ச கேள்விக்கு எதுக்கய்யா ரத்தம் எடுக்கறே?" என்பார். அவர் சொன்னது சரி. அவர் காலத்து மருந்துகளுக்கு அது முழுக்கச் சரி.

அவர் ஓய்வு பெற்ற பின் அந்தக் கட்டிலோரம் எனக்கு வந்தது. நானும் பிளாஸ்திரியை நனைத்து உரித்தேன், கட்டைவிரலால் அழுத்தினேன். 'அந்த டாக்டர் கையில் முடிந்தால் நிம்மதியான முடிவு' என்று வார்டில் சொல்வார்கள். அதில் எனக்குப் பெருமை இருந்தது. ஒரு முகத்தைப் பார்த்தாலே இவர் எத்தனை நாள் தாங்குவார் என்று சொல்லிவிடுவேன் என்ற பெருமையும் சேர்ந்துகொண்டது.

பிறகு புதிய மருந்துகள் வந்தன. அவை புற்றைத் தொடுவதே இல்லை. நம் உடம்பில் காவலுக்கு அலையும் அணுக்கள் வரம்பு மீறாமல் இருக்க அவற்றுக்கு ஒரு பிரேக் உண்டு. புற்று அந்தப் பிரேக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டு தப்பிக்கிறது. மருந்து அந்தப் பிடியை விடுவிக்கிறது. அவ்வளவுதான். மிச்ச வேலையை உடம்பே செய்யும். இப்படித்தான் நான் கோதண்டத்துக்கும் விளக்கினேன்.

கோதண்டம் திருவொற்றியூர்க்காரர். எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் டிரெய்லர் ஓட்டியவர். வலது குதிகாலில் ஒரு கறுப்புத் தடம் வந்திருக்கிறது. செருப்பில்லாமல் வண்டி ஓட்டுகிறவர் என்பதால் ரோட்டுத் தார் ஒட்டியிருக்கிறது என்று மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். அது தோலில் வரும் மெலனோமா. எங்களிடம் வரும்போது நுரையீரலில் பொட்டுப் பொட்டாகப் பரவியிருந்தது. மருந்து நிறுவனம் ஒன்றின் உதவித் திட்டத்தில் அவருக்கு இரண்டு மருந்துகள் சேர்ந்து கிடைத்தன.

நான் பிரேக் கதையைச் சொல்லி முடித்ததும் கோதண்டம் தலையை ஆட்டினார்.

"பிரேக்கு மேட்டரு இல்ல சார் இது. ஒரு குடோன் கீதுன்னு வெச்சுக்கோ. கேட்டாண்ட செக்யூரிட்டி நிக்கறான். இந்த கேன்சரு அவனுக்கு மாமூல் குடுத்துட்டு சரக்கத் தூக்கிகினு போறான். நீ இன்னா பண்ணப்போற? மாமூல கட் பண்ணப்போற. கரீட்டா?"

"கரெக்ட்" என்றேன். இத்தனை வருடத்தில் இதைவிடத் தெளிவாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

அவர் மனைவி பரிமளா பக்கத்தில் நின்றிருந்தார். சாயங்காலத்தில் பெரிய வாணலி வைத்து அத்தோ நூடுல்ஸ் விற்கிறவர். கூட்டத்தில் கத்திப் பழகிய குரல். "மாமூல கட் பண்ணா செக்யூரிட்டி சொம்மா இருப்பானா? கடுப்புல கண்டவனையும் போட்டு அடிக்க மாட்டான்?" என்று கேட்டார்.

"அதுதான்மா இந்த மருந்தோட பக்க விளைவு" என்றேன். அதையும் அவரே சொல்லிவிட்டார். நான்தான் மறந்துபோனேன்.

மூன்றாவது தவணைக்குப் பிறகு கோதண்டத்துக்கு நெற்றிப்பொட்டில் தலைவலி. சோறு இறங்கவில்லை. பரிமளாவும் இரண்டு நண்பர்களும் ஆட்டோவிலிருந்து அவரைத் தூக்கி வந்தார்கள். கண் பாதி மூடியிருந்தது. ரத்த அழுத்தம் இறங்கியிருந்தது, ரத்தத்தில் உப்பும் குறைந்திருந்தது. கேட்டதற்குப் பதில் மெதுவாக வந்தது, பிறகு வரவில்லை. குளுகோஸ் ஏற்றியும் பெரிய மாற்றம் இல்லை.

இங்கே நான் வெளிப்படையாகச் சொல்லவேண்டும். இந்த மருந்துகள் தட்டி எழுப்பும் அணுக்கள், மூளைக்கு அடியில் கடலைப்பருப்பு அளவில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியைத் தாக்குவதுண்டு. அது வீங்கும், தலை வலிக்கும். அதன் கட்டளை நின்றுபோனால் உடம்பில் கார்ட்டிசால் என்ற சுரப்பு வற்றிவிடும். அது இல்லாதவன் துவண்டு, மயங்கி, சாவான். அதை ஸ்டீராய்டாகக் கொடுத்தால் எழுந்து உட்காருவான். இது எனக்குத் தெரியாத செய்தி இல்லை. படம் போட்டு வகுப்பு எடுத்தவன் நான்.

கோதண்டத்தின் கட்டிலருகே அந்தப் படம் எனக்கு நினைவு வரவில்லை. எனக்குத் தெரிந்தது அந்த முகம். ஆயிரம் முறை பார்த்த முகம். மெலனோமா தலைக்குள் பரவிவிட்டது என்று முடிவு செய்தேன். டியூட்டி மருத்துவர் தலைக்கு எம்.ஆர்.ஐ. எழுதட்டுமா என்று கேட்டார். பதில் தெரிந்த கேள்விக்கு எதற்கு என்றேன். கையைக் கழுவினேன். உட்கார்ந்தேன். உரித்தேன், உருவினேன், அழுத்தினேன், பேசினேன்.

பரிமளா அழவில்லை. "புடிச்சதக் குடுங்கன்னு சொல்ற. இவுரு வாயே தொறக்கலியே சார். இன்னாத்த குடுக்கறது?" என்று கேட்டார். நான் அவர் தோளைத் தட்டிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனேன். அன்று எனக்குப் பசி இருந்தது, நன்றாகச் சாப்பிட்டேன். இதையும் சொல்லிவிடுகிறேன்.

இரண்டு நாள் கழித்து ஒரு காலை, புறநோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது.

"சார், பரிமளா பேசறேன். கோதண்டம் சம்சாரம். பஞ்ச வெச்சு அமுக்கி அனுப்ச்சியே, அந்த கோதண்டம்."

முடிந்துவிட்டது என்று நினைத்துக் குரலைத் தாழ்த்தினேன். "சொல்லுங்கம்மா. எப்போ ஆச்சு?"

"இன்னா ஆச்சு? இட்லி துன்னுகினு கீறாரு. வடகறி பத்தலன்னு எங்கிட்ட சண்ட. பெரிய ஆஸ்பத்திரி, பெரிய டாக்டர். நீ கைகழுவி வுட்ட ஆள எங்க ரோட்டு டாக்டர் ஒரே ஊசில எழுப்பி குந்த வெச்சுட்டாரு. அத்த சொல்லத்தான் போன் போட்டேன். வெச்சுரட்டா?"

"வெக்காதீங்க, வெக்காதீங்க. என்ன ஊசி?"

"அதெல்லாம் எனக்கு இன்னா தெரியும்? சத்து ஊசி. சொம்மா கெடக்கறாரே, குளுகோஸாவது ஏத்துங்கன்னு நேத்து அந்த டாக்டர வூட்டுக்கே கூட்டியாந்தோம். காலண்டர் ஆணில பாட்டிலத் தொங்க வுட்டாரு. அப்பால டியூப்ல ஒரு ஊசி ஏத்துனாரு பாரு, மனுசன் துள்ளிட்டாரு. 'எவன்டா கீழ மொளகாத்தூளு கொட்னது'ன்னு ஒரே கத்து. பேச்சு மூச்சில்லாம கெடந்த ஆளு சார்! அக்கம்பக்கம் எல்லாம் மெர்சலாயிட்டாங்க."

நான் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன். "கீழேன்னா எங்கே?"

"அத வேற போன்ல சொல்லணுமா? குந்தற எடத்துல சார்!"

மருத்துவம் படித்தவர்களும் செவிலியர்களும் இந்த இடத்தில் சிரித்திருப்பார்கள். டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டை நரம்பில் வேகமாக ஏற்றினால், உட்காரும் இடத்தில் மிளகாய் பட்டதுபோலச் சுர்ரென்று எரியும். கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும். தெருமுனைக் கிளினிக் டாக்டர்களின் பையில் உள்ள வேறு எந்த மருந்துக்கும் அந்தக் குணம் இல்லை. காய்ச்சல், கால்வலி, அசதி என்று எது வந்தாலும் அதைப் போடுவார்கள். ஒரு பொய்த் தெம்பு வரும். நான் எதிர்த்துப் பேசிவந்தது இதைத்தான். ஆனால் சாகக் கிடப்பவனை வடகறிக்குச் சண்டை போடவைக்கும் அளவுக்கு அது யாருக்கும் தெம்பு தராது. கார்ட்டிசால் உடம்பில் அறவே வற்றிப்போனவனுக்குத்தான் தரும்.

நான் பார்க்காமல் விட்ட கேள்விக்கு அந்த ஊசி பதில் சொல்லிவிட்டது. அதன் வேகம் ஓரிரு நாளில் இறங்கிவிடும். இறங்கினால் கோதண்டம் மறுபடி விழுவார், அப்போது எழுப்ப ஆளிருக்காது.

"உடனே கூட்டிட்டு வாங்கம்மா" என்றேன்.

"எதுக்கு? மறுபடியும் புடுங்கறதுக்கா?" போன் வைக்கப்பட்டது. திரும்பத் திரும்ப அழைத்தேன். எடுக்கவில்லை.

வெளியே காத்திருந்தவர்களிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு நானே கிளம்பினேன். நெடுஞ்சாலை முழுக்க டிரெய்லர்கள் நின்றிருந்தன. ஒவ்வொன்றையும் தாண்டும்போது, இதை ஓட்டுகிற ஒருவரை நான் அல்லவா இறக்கிவிட்டேன் என்று தோன்றியது. காரைச் சந்துமுனையில் விட்டுவிட்டு நடந்தேன்.

அவர்கள் வீட்டு வாசலில் துணிப் பந்தல் போட்டிருந்தார்கள். நான் சொன்னதை நம்பிப் போட்ட பந்தல். வாடகை நாற்காலிகள் வந்திருந்தன. மேளக்காரர்களுக்கும் சொல்லி வைத்திருக்கிறார்கள். அந்தப் பந்தலின் நடுவில், சாவுக்கு வந்த நாற்காலியில், கோதண்டம் லுங்கியோடு உட்கார்ந்திருந்தார். சுற்றி டிரெய்லர் டிரைவர்கள்.

"பாடி வாங்க வந்துட்டியா சார்?" என்றார் ஒருவர். பந்தலே சிரித்தது.

பரிமளா கையில் கரண்டியோடு வந்து எனக்கும் கோதண்டத்துக்கும் நடுவில் நின்றார்.

"நான் தப்பா சொல்லிட்டேன்மா" என்றேன். சத்தமாகவே சொன்னேன். "தலைக்குள்ள பரவிடுச்சுன்னு நெனச்சேன். பாக்காமலே சொன்னேன். இவருக்கு நோய் முத்தல. மருந்துல ஒரு சுரப்பி கெட்டுப்போயிருக்கு. தினமும் மாத்திரை போட்டா சரியாயிடும். நேத்து போட்ட ஊசி அதுதான். ஆனா அது இறங்கிடும். இறங்கறதுக்குள்ள வரணும்."

"பாக்காமலேயா சொன்ன?"

"ஆமாம்மா."

"நான் தாலிய கழட்டி வெக்கிறதுக்கு டப்பா தேடிகினு இருந்தேன் சார்."

யாரும் சிரிக்கவில்லை. கோதண்டம்தான் பேசினார்.

"மே, வுடு. காலீல இருந்து எனக்கு மறுபடியும் கண்ணு சொருவுது. ஒங்கிட்ட சொல்லல."

பரிமளா திரும்பினார். "யோவ்! இத்தினி நேரம் இவங்களோட இன்னா ரவுசு வுட்டுகினு இருந்த? கய்தே, சொல்றதுக்கு இன்னா?"

"நீ சந்தோசமா இருந்தியேன்னு..."

அவர் எழப் பார்த்தார். கால் மடங்கியது. பக்கத்திலிருந்தவர்கள் பிடித்துக்கொண்டார்கள். பரிமளா கரண்டியை நாற்காலியில் எறிந்துவிட்டு என்னைப் பார்த்தார். "வண்டி எங்க? ஒண்ணு கேட்டுக்கோ. நானும் கட்டில்லதான் குந்துவேன். எங்கிட்ட கேக்காம ஊசி மேல கை வெச்சே, அவ்ளோதான்."

"பந்தலப் பிரிச்சிரலாமா அண்ணாத்த?" என்று யாரோ கேட்டார்கள்.

"இருக்கட்டும்டா. வந்து பிரியாணி போட்டுக்கலாம்" என்றார் கோதண்டம், இரண்டு பேர் தோளில் தொங்கிக்கொண்டே.

புது வென்ஃப்ளானை நானே போட்டேன். ரத்தம் எடுத்துவிட்டு, முடிவுக்குக் காத்திராமல் ஹைட்ரோகார்ட்டிசோன் என்ற ஸ்டீராய்டைத் தொடங்கினேன். கிளினிக் ஊசி ரத்தத்தில் இருந்ததால் கார்ட்டிசால் அளவை நம்பமுடியவில்லை. ஆனால் பிட்யூட்டரி ஏவும் மற்ற சுரப்புகளும் சரிந்திருந்தன. எம்.ஆர்.ஐ. படத்தில் அந்தக் கடலைப்பருப்பு உப்பி இரு மடங்காகத் தெரிந்தது. மூளையில் புற்றின் சுவடே இல்லை. மறுநாள் காலையில் வார்டுக்குப் போனபோது கோதண்டம் சவரம் செய்துகொண்டிருந்தார். பரிமளா சொன்னபடியே கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, முகம் பார்க்கும் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

நுரையீரல் படம் அடுத்த வாரம் வந்தது. பழையதையும் புதியதையும் திரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இருவருக்கும் காட்டினேன். பொட்டுகளில் பல காணாமல் போயிருந்தன. மிச்சமும் சுருங்கியிருந்தன. இத்தனை வருடத் தொழிலில், இந்த நோயில், நான் பார்க்காத படம் அது.

"அப்போ செக்யூரிட்டி வேலய ஒயுங்கா பாத்துருக்கான்" என்றார் கோதண்டம்.

"பாத்திருக்கான். கூடவே அவன் மேலதிகாரியையும் அடிச்சுட்டான்."

"மாமூல் நின்னா கடுப்பாவத்தான் சார் செய்வான்" என்று கோதண்டம் சிரித்தார். பக்கத்துக் கட்டில்காரர்களுக்கு விஷயமே தெரியாது. அவர்களும் சேர்ந்து சிரித்தார்கள். நான் கழிவறைக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

பிரியாணிக்கு என்னையும் அழைத்தார்கள். அதற்கு முன் அந்தக் கிளினிக் மருத்துவரைப் பார்க்கப் போனேன். நான் யாரென்று சொன்னதும் அவர் முகம் வெளுத்துவிட்டது. மேஜைமேல் இருந்த ஊசிமருந்துத் தட்டை மெல்ல இழுப்பறைக்குள் தள்ளினார்.

"சார், சும்மா குளுகோஸ்தான் சார். ஃபேமிலி ரொம்ப கேட்டாங்க. இனிமே போட மாட்டேன் சார்."

"நன்றி சொல்ல வந்தேன்" என்றேன். அவர் நம்பவில்லை. டீ வரவழைத்து, நடந்ததை முழுக்க விளக்கிய பிறகுதான் முகத்தில் ரத்தம் திரும்பியது. பெருமையோடு நிமிர்ந்து உட்கார்ந்தார். "அப்போ எல்லாருக்கும் போடலாம்னு சொல்றீங்க?"

"கூடாது!" என்று நான் போட்ட சத்தத்தில் வெளியே உட்கார்ந்திருந்த நோயாளி எட்டிப்பார்த்தார்.

கோதண்டம் இப்போது டிரெய்லர் ஓட்டுவதில்லை. சின்ன லோடு வண்டி ஓட்டுகிறார். காலையில் மாத்திரை. காய்ச்சல் வந்தால் அதை இரட்டிப்பாக்கவேண்டும். அந்தக் கணக்கு பரிமளாவின் கையில் இருக்கிறது. "ஜொரம். டபுள் குடுத்துட்டேன். சொல்றேன், அவ்ளோதான். கேக்கல" என்று எனக்குப் போன் செய்வார்.

ஒரு நாள் பரிசோதனைக்கு வந்திருந்தபோது கோதண்டம் கேட்டார். "என்ன மாதிரி வேற யாராவது உண்டா சார்?"

உண்டு என்றேன். கோதண்டத்துக்கு முன்பே, மாதவரம் பால்பண்ணைப் பக்கம் ஓர் ஆசிரியை. அவருக்கும் இதே மருந்து, இதே துவண்ட முகம். கட்டிலில் உட்கார்ந்து, உரித்து, உருவி, அழுத்தி அனுப்பினேன். அவர் வீட்டுத் தெருவில் எந்தக் கிளினிக்கும் ஊசி போடவில்லை. அவருக்கும் இதேதானா என்று இப்போது யாராலும் சொல்லமுடியாது. பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

அதிலிருந்து பரிமளா வரும்போதெல்லாம் ஒரே கேள்வி. "மாதவரத்துக்கு போனியா சார்?" வேலை இருக்கிறது என்பேன். ஓய்வு பெற்றபின் அதையும் சொல்லமுடியவில்லை. போன மாதம் ஒரு ஞாயிறு, லோடு வண்டி என் வீட்டு வாசலில் வந்து நின்றது. "ஏறு சார்" என்றார் கோதண்டம். பரிமளா மடியில் ஒரு பெரிய பொட்டலம். "துக்கம் கேக்க வெறுங்கையோட போறதா? அத்தோ, முட்டை போட்டது" என்றார். வழி முழுக்க, எதிரே வந்த ஒவ்வொரு டிரெய்லர் டிரைவரையும் கோதண்டம் பெயர் சொல்லித் திட்டிக்கொண்டே வந்தார். அவர்களும் ஹாரன் அடித்துத் திருப்பித் திட்டினார்கள். பயத்தோடு கிளம்பிய நான் இரண்டு முறை வாய்விட்டுச் சிரித்துவிட்டேன்.

கதவைத் திறந்தவர் அந்த ஆசிரியையின் கணவர். என்னைப் பார்த்ததும் கைகூப்பினார்.

"டாக்டர்! கடைசியா அவ கையைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தீங்களே, ஒரு நன்றி கூடச் சொல்லாம வந்துட்டேன். மனசுல இருந்துக்கிட்டே இருந்தது."

அந்த நன்றியை வாங்கிக்கொண்டு திரும்பியிருக்கலாம். என் முதுகுக்குப் பின்னால் பரிமளா தொண்டையைச் செருமினார். நான் சொல்லத் தொடங்கினேன். எதையும் விடாமல் சொன்னேன். முடித்ததும் அவர் என்னைப் பார்க்காமல் கோதண்டத்தைப் பார்த்தார். தலையிலிருந்து கால்வரை நிதானமாகப் பார்த்தார்.

"உங்களுக்குச் சாப்பாடு இறங்குதா?"

"நல்லா எறங்குது சார்."

"அவளுக்குக் கடைசியில தண்ணிகூட இறங்கல" என்றார். பிறகு பரிமளா கையிலிருந்த பொட்டலத்தை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். தட்டுகளை அலம்பும் சத்தம் கேட்டது. திரும்பி வந்து எல்லார் முன்னாலும் தட்டு வைத்தார், என் முன்னாலும்.

"உக்காருங்க டாக்டர்" என்றார். "நின்னுக்கிட்டு இதைச் சாப்பிட முடியாது."